ஐந்தாவது கூண்டு

குப்புசாமியிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், எலிகளையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்வார். மைசூரில் ஒரு மருந்தியல் கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில், ஆராய்ச்சிக்காக வளர்க்கும் வெள்ளை எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காலையில் போனதும் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி நிரப்ப வேண்டும். கூண்டுகளில் நனைந்த உமியை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி பரப்ப வேண்டும். தீனியை நிறுத்து வைக்க வேண்டும். வெளியில் ஊரைக் கூட்டிப் பேசுகிற மனிதர், அந்த அறைக்குள் நுழைந்தால் மட்டும் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார். வேறு யாராவது உள்ளே வந்து சத்தமாகப் பேசினால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

"பச்சப் புள்ளைங்க இருக்கிற எடமுங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்பார். பேராசிரியரானாலும் சரி, பியூனானாலும் சரி.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் பிறந்தவர். அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பியபோது கலவை சுமக்க வந்த கூட்டத்தோடு வந்தார். கட்டடம் முடிந்ததும் கூட்டம் வேறு இடம் பார்த்துப் போயிற்று, இவர் மட்டும் போகவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார், பெஞ்சு தூக்கினார், ஒருநாள் எலி அறைக்கு ஆள் இல்லையென்று உள்ளே அனுப்பினார்கள். போனவர் போனவர்தான். அங்கேயே அவருக்குத் தலை நரைத்தது.

மனைவி வடிவு அவருக்கு நேர்மாறு. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள், அந்த ஒன்றும் குத்துகிற இடத்தில் சரியாகக் குத்தும். மகள் நிர்மலாவைக் கொள்ளேகாலில் கட்டிக் கொடுத்த பிறகு, கும்பாரகொப்பல் வாடகை வீட்டில் இவர்கள் இருவர்தான். வடிவுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பேட்டரி ஷெட்டில் வேலை. ஈயத் தகடு ஒன்று, அதன்மேல் தடுப்புக் காகிதம் ஒன்று, அதன்மேல் இன்னொரு தகடு என்று நாள் முழுக்க அடுக்க வேண்டும். பல வருஷம் அடுக்கி அடுக்கி, கடைசியில் அவளை முதல் மேசைக்குத் தலைவியாகப் போட்டார்கள். அந்த மேசைப் பெண்கள் அவளைக் கேட்காமல் ஒரு தகட்டைக்கூட நகர்த்த மாட்டார்கள். அதை அவள் வாய்விட்டுப் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறபோது நடையில் அது தெரியும்.

இனி கூண்டுகளுக்கு வருவோம். தசரா முடிந்த கையோடு மனிஷா என்ற மாணவி எலி அறையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேசினால் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ், இடையிடையே தமிழும் எட்டிப் பார்க்கும். ஈயம் உடம்புக்குள் போனால் ஈரல் கெடுகிறது, அதை ஓர் இலையின் சாறு எவ்வளவு தூரம் தடுக்கிறது என்பதுதான் அவள் பார்க்க நினைத்தது. எலிகளை நான்கு வகையாகப் பிரித்தாள். முதல் வகைக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு ஈய உப்புக் கலந்த தண்ணீர். மூன்றாவதற்கு அதே ஈயத் தண்ணீர், கூடவே தினமும் இலைச்சாறு. நான்காவதற்கு ஈயமில்லாமல் இலைச்சாறு மட்டும். வகைக்கு இரண்டு மூன்று கூண்டு இருந்தாலும் குப்புசாமிக்கு அது முதல் கூண்டு, இரண்டாவது கூண்டு என்றுதான் கணக்கு. நான்காவதைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. நோயும் இல்லாமல் மருந்தும் குடிக்கிற எலியிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டார்.

இலையின் பெயரை மனிஷா வாயில் நுழையாத ஏதோ ஒன்றாகச் சொன்னாள். உலர்ந்த தழையை எடுத்துக் காட்டியதும் குப்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, இது கரிசலாங்கண்ணிங்க மேடம்! வாய்க்கா ஓரமெல்லாம் கெடக்குமே. இதுக்கா நீங்க பார்சல் போட்டு வரவழைக்கறீங்க?"

மறுநாளே ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ரிங் ரோட்டு ஓரத்துச் சாக்கடைப் பக்கம் பறித்தது, வெள்ளைப் பூவும் தழையுமாகத் தளதளவென்று இருந்தது. மனிஷா எங்கே பறித்தது என்று கேட்டாள். சொன்னதும் பையை அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"சாரி அண்ணா. மண்ணு எப்படின்னு தெரியாத எடத்து இலை எனக்கு ஆகல்ல. கோபிச்சுக்காதீங்க, ஆய்த்தா?"

ஆகாது என்றால் ஆகாதுதான். ஆனால் குப்புசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. நாம் சும்மா கொண்டுவந்து கொடுத்தால் இளப்பம், டப்பாவில் சீட்டு ஒட்டி வந்தால்தான் மதிப்பு என்று மனதுக்குள் பொருமிக்கொண்டார். அவள் சொன்னதில் மண் என்ற சொல் அவர் காதில் விழவே இல்லை. மனத்தாங்கல் வந்துவிட்டால் யாருக்கும் பாதிதானே விழும்.

சாயங்காலம் வீட்டில் டீ குடிக்கிறபோது அன்றைய கூண்டு நிலவரம் முழுக்க ஒப்பித்துவிடுவார். இரண்டாவது கூண்டு தீனியைத் தொடமாட்டேன் என்கிறது, முடியெல்லாம் சிலிர்த்துப்போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது அதே ஈயத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஆனால் ஓடுகிறது, ஏறுகிறது, தீனிக்குச் சண்டை போடுகிறது. வடிவு கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். நடுவில் ஒருநாள் தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்ப நான் எந்தக் கூண்டுங்க?"

குப்புசாமி சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகை மாதம் ஷெட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வருஷத்துக்கு மூன்று முறை எடுப்பது வழக்கம். ரத்தத்தில் ஈயம் ஓர் அளவுக்கு மேல் போனால் மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வடிவுக்கு அந்த அளவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சிவராத்திரி கழித்து மறுபடி பார்ப்போம், ஏறியிருந்தால் மேசையை விட்டுவிட வேண்டியதுதான், வேறு இடத்தில் வேலை இருந்தால் போடுவோம் என்றார்கள். பாலும் வாழைப்பழமும் வெல்லமும் தின்னச் சொன்னார்கள். ஷெட்டுக்காரர்கள் எதற்கும் சொல்கிற வைத்தியம் அதுதான்.

அவளுக்கு உடம்பும் சரியில்லாமல்தான் இருந்தது. வயிறு அடிக்கடி பிடித்து இழுத்தது. சாயங்காலமானால் கை அசந்துபோய்க் குடத்தைத் தூக்க முடியவில்லை.

"வாயில என்னமோ காசு ஒண்ண வெச்சுச் சப்புற மாதிரியே இருக்குதுங்க. சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

"விட்டுர்ரியா புள்ள அந்த வேலைய?"

"விட்டுட்டு? ஊட்ல குந்திக்கிட்டு உங்க எலிக் கதையக் கேக்கறதா? அந்த மேசைக்கு வர எனக்கு எத்தன வருசமாச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

குப்புசாமிக்குத் தெரியும். அதற்கு மேல் வற்புறுத்த அவருக்கு மனம் வரவில்லை. வற்புறுத்தத் தேவையும் இல்லை என்று தோன்றியது. மருந்துதான் கண்முன்னே இருக்கிறதே. மூன்றாவது கூண்டு நாள் தவறாமல் சாட்சி சொல்கிறதே. மறுநாள் மனிஷாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டாளோ என்னவோ, கண்டிப்பாகவே சொன்னாள்.

"இது எலிக்குத்தான் பார்க்கிறோம் அண்ணா. மனுஷங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள்னு ஒண்ணுமே கொத்தில்ல, யாருக்கும் தெரியாது. வீட்ல யாருக்காவது முடியலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

தலையாட்டினார். ஆட்டிய தலையோடு அன்றே கும்பாரகொப்பலில் பொதுக் குழாயடியில் கரிசலாங்கண்ணி தேடினார்.

அன்றிலிருந்து அவருக்குக் காலை வேலை ஒன்று கூடியது. தழையை மூன்று தண்ணீரில் அலசுவார். அம்மியில் வைத்து நீளமாக இழுத்து இழுத்து அரைப்பார். பச்சையாகப் போகிற தழை அரைபட அரைபடக் கறுத்துப்போகும், உள்ளங்கை இரண்டும் மசி பூசியது போலாகிவிடும். அதைத் துணியில் பிழிந்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் வடிவிடம் நீட்டுவார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் தலைகாட்டாத மனிதர், தனக்காக அம்மியில் உட்கார்ந்து அரைக்கிறாரே என்று அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"எலிக்காச்சும் மோர் கலக்காமக் குடுப்பாங்க, தப்பிச்சுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்ததும் குழாயடித் தழை காய்ந்துவிட்டது. குப்புசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, காலி மனை என்று சுற்றினார். ஒருநாள் அலைந்து திரிந்து ஒரு கைப்பிடியோடு வந்தவரைப் பார்த்ததும் வடிவுக்கு மனசு கேட்கவில்லை.

"இதுக்கு எதுக்கு இத்தன அலைச்சல்? எங்க ஷெட்டுக்குப் பொறத்தால வருசம் பூரா பச்சையா நிக்குது. நானே பறிச்சுட்டு வாரேன்."

மறுநாள் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். குப்புசாமி அதுவரை அவ்வளவு கொழுத்த கரிசலாங்கண்ணியைப் பார்த்ததில்லை. தண்டு சுண்டுவிரல் கனம், இலை ஒவ்வொன்றும் வெற்றிலைக் கொழுந்து அகலம். அரைத்தால் சாறு இரண்டு மடங்கு வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். அளவைக் கொஞ்சம் கூட்டிக்கூடக் கொடுத்தார்.

நல்ல சேதி நடந்து போகாது, ஓடித்தான் போகும். வடிவின் மேசையில் எதிரே உட்கார்கிற மாதேவி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிற நஞ்சன்கூட்டுப் பெண், "அக்கா, தினமும் என்ன பறிக்கிறீங்க?" என்று கன்னடத்தில் கேட்டாள். வடிவு சொன்னாள். தன் வீட்டுக்காரர் எலிக் காலேஜில் இருக்கிறார், அங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைத்தான் ஈயத்துக்கு முறிவாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள், எலியெல்லாம் தேறிவிட்டது என்று சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே அதிசயம். மாதேவிக்கும் ரத்தத்தில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அவளும் பறிக்க ஆரம்பித்தாள். இதைக் கேட்டபோது குப்புசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஒரு ஷெட்டுக்கே வைத்தியம் சொன்ன கெத்து.

சிவராத்திரி வந்தது. இருவரும் மாதேஸ்வரன் மலைக்குப் போய் வந்தார்கள். மலைப்படியில் வடிவு நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். வெயில் என்றாள். குப்புசாமியும் வெயில் என்றே வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய வாரம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று வடிவு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஏறியிருக்குதாம்."

"எவ்வளவு?"

"போன தடவைக்கு ரொம்ப மேல. எல்லாருக்கும் அப்படியே நிக்குது, இல்லீன்னா கொஞ்சம் எறங்கியிருக்குது. எனக்கும் மாதேவிக்கும்தான் ஏறிக்கெடக்குது. ஈரலும் வீங்கின மாதிரி இருக்குதுன்னு டாக்டர் அமுத்திப் பாத்துச் சொன்னாரு. வர்ற மாசம் மேச இல்ல எனக்கு."

குப்புசாமி முதலில் நினைத்தது மனைவியைப் பற்றி அல்ல, மூன்றாவது கூண்டைப் பற்றி. அந்த எலிகள் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவருக்கு எரிச்சல் வந்தது. மனுஷபுத்தி அப்படித்தான் முதலில் போகும்.

மறுநாள் காலை மனிஷாவின் ஆராய்ச்சிக்குக் கடைசி நாள். அன்றைக்கு எலிகளை மயக்கி, வலி தெரியாமல் முடித்து, ஈரலை எடுத்துப் பார்ப்பார்கள். இத்தனை வருஷ வேலையில் அப்படிப்பட்ட நாட்களில் குப்புசாமி அறையில் நின்றதே இல்லை. வெளிக் கேட்டுப் பக்கம் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். இன்று போகவில்லை. சுவரோரம் நின்று பார்த்தார்.

தட்டுகளில் ஈரல்களை வகை வகையாக வைத்திருந்தார்கள். முதல் கூண்டின் ஈரல் புதுச் செங்கல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. இரண்டாவது வெளுத்துப்போய்ப் புள்ளி புள்ளியாகத் திட்டுக் கட்டியிருந்தது. மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, பெரும்பாலும் நல்ல நிறம்தான். ஆனாலும் முதல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. ஓரங்களில் இலேசாக வெளுப்பு இருந்தது.

"மூணாவது நல்லாத்தானுங்க இருக்குது?" என்றார் குப்புசாமி.

"ஆமா அண்ணா. இலை ஒரு அளவுக்குத் தாங்கியிருக்கு. முழுசா இல்ல."

"அப்ப எங்க ஊட்ல மட்டும் ஏனுங்க ஏறுச்சு?"

மனிஷா கையுறையோடு திரும்பிப் பார்த்தாள். குப்புசாமி எல்லாவற்றையும் கொட்டினார். ஷெட்டு, மேசை, அம்மி, மோர், சிவராத்திரி, ஈரல் வீக்கம். அவள் குறுக்கே பேசவே இல்லை. திட்டவும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இலை எங்கேருந்து அண்ணா?"

"மொதல்ல கொழாயடிங்க. தைக்கு அப்புறம் அவ ஷெட்டுக்குப் பொறத்தால..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் முகம் மாறுவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது. குப்பைத்தொட்டியில் போன அந்தப் பை. மண்ணு எப்படின்னு தெரியாத எடத்து இலை.

மனிஷா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "செடி மண்ணுல என்ன இருக்கோ அதையெல்லாம் உறிஞ்சிடும் அண்ணா. ஈயம் இருந்தா ஈயத்தையும். எவ்வளவு கழுவினாலும் போகாது, உள்ளே இருக்கும். ஒரு கை இலை கொண்டுவாங்க, மெஷின்ல போட்டுப் பார்த்துடலாம். ஆனா இன்னைக்கே நிறுத்திடுங்க. அவங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கூட வரேன்."

மெஷின் சொல்லும்வரை காத்திருக்க அவருக்கு முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஹெப்பாள் பஸ் ஏறினார். ஷெட்டுக் காவல்காரர் தெரிந்தவர், பின்பக்கம் போக விட்டார். பார்த்ததும் குப்புசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஷெட்டுக்குள் தரையைக் கழுவிவிடுகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக அங்கேதான் வந்து விழுந்தது. விழுந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் சேறு படிந்திருந்தது. அந்தச் சேற்றில்தான் கரிசலாங்கண்ணி வருஷம் முழுக்கத் தழைத்து நின்றது, வெள்ளைப் பூவோடு, பார்க்க அவ்வளவு அழகாக. அவர் தினமும் காலையில் மூன்று தண்ணீரில் அலசி, இழுத்து இழுத்து அரைத்து, பெண்டாட்டிக்குக் கொடுத்தது இந்தச் சேற்றைத்தான். மேசையில் மூச்சுவழி போனது போதாதென்று வாய்வழியும் ஊற்றியிருக்கிறார். தன் கையாலேயே, ஆசை ஆசையாக.

அவள் இரண்டாவது கூண்டிலிருந்து மூன்றாவதற்கு வந்துவிட்டாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவதிலேயேதான் இருந்திருக்கிறாள். அவளுடைய தண்ணீரில் இன்னும் ஒரு கை ஈயத்தைக் கூட்டிப் போட்டவர் இவர்.

வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாகக் கேட்டுக்கு வந்தார்கள். மாதேவியின் கையில் தழை நிறைந்த பை ஒன்று இருந்தது. ரத்தத்தில் ஏறியிருக்கிறதென்று தெரிந்ததும் அவள் இன்னும் கூடுதலாகப் பறித்திருந்தாள். குப்புசாமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அண்ணா, நமஸ்கார" என்றாள்.

குப்புசாமி கையை மட்டும் நீட்டி அந்தப் பையைக் காட்டினார். வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வடிவு அவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பின்பக்கச் சேறு அவர் செருப்பில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதேவியின் கையிலிருந்து பையை மெதுவாக வாங்கினாள்.

"பேடா தங்கி, வேண்டாம். இது அந்தக் கழிவுத் தண்ணில வளர்ந்தது. இதுலயே ஈயம் இருக்குது. எங்களுக்குத் தெரியல. எங்க தப்பு" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்.

மாதேவி புரியாமல் நின்றாள். பிறகு புரிந்தது. குழந்தைக்குப் பால் கொடுப்பவள், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த இறுக்கிப் பிடித்த கையைக் குப்புசாமி இன்றுவரை மறக்கவில்லை. நாளைக்கே குழந்தையையும் தூக்கிக்கொண்டு தங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று வடிவு சொன்னாள், மேசையில் உத்தரவு போடுகிற அதே குரலில். மாதேவி சரியென்று தலையாட்டினாள். அதன்பிறகு வடிவு உள்ளே போய் மேலாளரைப் பார்த்தாள். மாற்று வேலை தருகிறோம், போகாதே என்று சொன்னார்களாம். எந்த மூலையில் போட்டாலும் இதே தூசிதானே என்று கேட்டுவிட்டு, வருஷக்கணக்காக மாட்டிய மேலங்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தாளாம். பின்பக்கம் குழாயை அடைத்து அந்தச் செடியை அடியோடு பிடுங்கச் சொல்லி, பிடுங்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் குப்புசாமி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் தினமும் அரைத்து அரைத்து ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. அதை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நானே குடுத்துட்டேன் புள்ள" என்றார். "என்ற கையாலயே குடுத்துட்டேன்."

"பறிச்சுட்டு வந்தது நானுங்க. அத மறந்துட்டீங்களா?"

பஸ் ஒன்று வந்து நின்று, இவர்கள் ஏறாததால் போயிற்று. வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை போன துக்கம் அவள் முகத்தில் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"உங்க ரூம்ல, ஈயத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த எலிக்குப் பாதியில அத நிறுத்திப்போட்டு வெறுந்தண்ணி வெச்ச கூண்டு ஏதாச்சும் இருந்துச்சா?"

குப்புசாமி யோசித்தார். ஒவ்வொரு கூண்டாக மனதில் கொண்டுவந்து பார்த்தார்.

"இல்ல புள்ள. நாலுதான். அப்படி ஒண்ணு இல்ல."

"அப்ப நான் அஞ்சாவது கூண்டுங்க" என்றாள் வடிவு.

ஆஸ்பத்திரியில் மனிஷாவும் கூட நின்றாள். மாதேவியின் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்த அன்றுதான் குப்புசாமி ஒழுங்காகச் சோறு தின்றார். மாதேவியும் வேலையை விட்டு நஞ்சன்கூட்டுக்கே போய்விட்டாள். அவள் பையிலிருந்து எடுத்து மெஷினில் போட்ட இலையில் ஈயம் இருந்தது, நிறையவே. எலும்பில் போய் உட்கார்ந்த ஈயம் சீக்கிரம் இறங்காது, வருஷக்கணக்காகும், ஆனால் வரவு நின்றுவிட்டால் உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், ஈரல் அதில் கெட்டிக்காரப் பிள்ளை என்றார் டாக்டர். இலையைப் பற்றிக் குப்புசாமி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, இப்போதைக்கு எதையும் உள்ளே ஊற்றாமல் இருப்பதுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்.

வடிவு இப்போது ஹெப்பாளிலேயே ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறாள். அங்கே அவளுக்குத் தலைமை மேசை எதுவும் கிடையாது. பழைய கம்பெனி பஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் குடத்தை ஒரே கையால் தூக்குகிறாள். வாயில் காசு வைத்த ருசி போய்விட்டது என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். போன தடவை ரத்தம் எடுத்தபோது முதன்முறையாக இறங்கியிருந்தது.

குப்புசாமிக்குக் காலையில் எழுந்ததும் கை இன்னும் அம்மிப் பக்கம்தான் போகிறது. அரைக்க ஒன்றும் இல்லாமல் அதைச் சும்மா ஒருமுறை கழுவி வைப்பார். பிறகு உள்ளே பார்த்து, எலி அறையில் பேசுகிற அந்தப் பாதிக் குரலில் கேட்பார்.

"அஞ்சாவது கூண்டுக்கு என்ன வெக்கட்டும்?"

"தண்ணி" என்பாள் வடிவு. "வெறுந்தண்ணி போதும்."

செம்பை நன்றாகக் கழுவி, தண்ணீர் மொண்டு, கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.